பத்திரிகை அதிபரின் வீடு, தூதரின் வரவேற்பறை: சன்னிலேண்ட்ஸ் மாளிகைச் சுற்று குறித்து ஒரு மதிப்பீடு

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரை ஒட்டிய ராஞ்சோ மிராஜில், பாப் ஹோப் சாலையும் ஃபிராங்க் சினாட்ரா சாலையும் சந்திக்கும் முனையில், நீண்ட மதில் ஒன்றுக்குப் பின்னால் சுமார் 200 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கிறது சன்னிலேண்ட்ஸ். பிலடெல்ஃபியா இன்க்வயரர் நாளிதழின் அதிபராக இருந்து, 1969 முதல் 1974 வரை பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய வால்டர் அனன்பெர்க் தம் மனைவி லியோனோருடன் குளிர்காலங்களைக் கழிப்பதற்காகக் கட்டிய வீடு இது. இன்று ஓர் அறக்கட்டளை இதை நடத்துகிறது. மாநாடுகள் நடைபெறாத நாட்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்க்கலாம். இந்த மதிப்பீடு அந்த மாளிகைச் சுற்றைப் பற்றியது. தோட்டத்தைப் பற்றியும் பார்வையாளர் மையத்தைப் பற்றியும் போகிற போக்கில் சொல்வேன்.

இந்த வீட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கட்டடக்கலை ஆர்வலர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய நவீனப் பாணி, கண்ணாடிச் சுவர்கள், வில்லியம் ஹெய்ன்ஸ் வடிவமைத்த இருக்கைகள் ஆகியவற்றைத் தேடி வருபவர்கள் அவர்கள். என் ஆர்வம் வேறு. செய்தித்தாள் நடத்தியவர்கள் தூதர்களாக மாறுவது அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கம். நியூயார்க் ட்ரிப்யூனை நடத்திய வைட்லா ரீட் முதலில் பிரான்ஸிலும், பின்னர் 1905 முதல் 1912 வரை லண்டனிலும் தம் நாட்டின் பிரதிநிதியாக இருந்தார். 1957இல் லண்டனுக்குத் தூதராகச் சென்ற ஜான் ஹே விட்னி, அந்தப் பதவியில் இருந்தபடியே நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூனை வாங்கினார். இந்த வரிசையில் அதிகம் கேலி செய்யப்பட்டவரும், கடைசியில் அதிகம் கொண்டாடப்பட்டவரும் அனன்பெர்க்தான். நாள்தோறும் அச்சில் பிறரைத் தாக்கிப் பழகிய ஒருவர், பிறரை உபசரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பதவிக்கு எப்படிப் பொருந்திப்போனார் என்ற கேள்விக்கு அவர் வாழ்ந்த வீட்டில் ஏதேனும் விடை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெருமளவு இருந்தது, ஆனால் அதைப் படித்தறிய, அவருடைய வாழ்க்கையின் முன்பாதியைப் பார்வையாளர் ஓரளவு தெரிந்துகொண்டு வர வேண்டும்.

முதலில் நடைமுறைச் செய்திகள். பார்வையாளர் மையமும் அதைச் சுற்றியுள்ள ஒன்பது ஏக்கர் தோட்டமும் 2012இல் திறக்கப்பட்டவை. இவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மாளிகைச் சுற்றுக்கு மட்டும் முன்கூட்டியே இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். ஒரு குழுவில் ஒரு சிறு வேனில் அடங்கும் அளவுக்கே ஆட்களைச் சேர்ப்பதால் சீட்டுகள் வெளியான உடனேயே தீர்ந்துவிடும். கோடையின் உச்சத்தில் வளாகம் மூடியிருக்கும். உயர்நிலைக் கூட்டங்கள் நடக்கும் நாட்களிலும் அப்படியே. ஆகவே பயணத் தேதியை முடிவு செய்துவிட்டுச் சீட்டைத் தேடுவதைவிட, சீட்டைப் பெற்றுக்கொண்டு பயணத்தை முடிவு செய்வதே புத்திசாலித்தனம். வீட்டுக்குள் புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்ட ஒரு சிறு கூட்டம் வழிகாட்டி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதைப் பார்ப்பதே இக்காலத்தில் அரிதாகிவிட்டது.

மையத்தில் வீட்டின் வரலாற்றைச் சொல்லும் குறும்படம் ஒன்றைக் காட்டுகிறார்கள். சிற்றுண்டிக் கூடமும் உண்டு. தோட்டம் பாலைவனத் தாவரங்களால் ஆனது. உருண்டைக் கள்ளிகளும் கற்றாழைகளும் ஒரே வகையாகத் திரள் திரளாக நடப்பட்டிருக்கின்றன. அனன்பெர்க் தம்பதியரின் சேகரிப்பில் இருந்த வான்கோ ஓவியங்களின் தூரிகைத் தடங்களை மனத்தில் கொண்டு அப்படி நட்டதாகச் சொல்கிறார்கள். கேட்டபோது விளம்பர வாசகம் போலத்தான் இருந்தது. பாலோ வெர்டே மரங்களின் மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்த பாதையில் நின்று பார்த்தபோது அவ்வளவு மிகையாகப் படவில்லை.

வேன் மதிலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் பாலைவனம் காணாமற்போய்விடுகிறது. புல்வெளி, ஏரிகள், மரக்கூட்டங்கள், ஒன்பது குழிகள் கொண்ட தனியார் கோல்ஃப் மைதானம். நீர்த் தட்டுப்பாடுள்ள நிலத்தில் இத்தனை பசுமையைப் பார்க்கும்போது வியப்போடு ஒரு நெருடலும் எழுகிறது. முன்பைவிடக் குறைந்த நீரில் வளாகத்தைப் பராமரிக்க நிர்வாகம் எடுத்துள்ள முயற்சிகளையும் வழிகாட்டி கூடவே சொல்லிவிடுகிறார். வீடு 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஏ. குவின்சி ஜோன்ஸ். சுமார் 25,000 சதுர அடிப் பரப்புள்ள இந்த ஒற்றைத்தள மாளிகையின் கூம்புக் கூரை இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது. விடியற்காலையில் மலைகள் எந்த நிறத்தில் தோன்றுகின்றனவோ அந்த நிறம் வேண்டும் என்று லியோனோர் கேட்டாராம். வாசலில் ஒரே தூணில் நிற்கும் நீரூற்று, மெக்சிகோ நகரத்துத் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் உள்ளதை மாதிரியாகக் கொண்டது.

உள்ளே கால்வைத்ததும் வருவது நடுமுற்றம். மேலிருந்து வெளிச்சம் இறங்கும் அந்த இடத்தில் ரோதானின் ஏவாள் சிலை நிற்கிறது. இரு கைகளாலும் தன்னை மறைத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் வெண்கலப் பெண். அவளைச் சுற்றி இளஞ்சிவப்புப் பூக்கொத்துகளுடன் புரோமிலியாச் செடிகள் வட்டமாக நிற்கின்றன. சுவர்கள் கரடுமுரடான எரிமலைக் கல்லால் ஆனவை. இந்த இடத்தில் எல்லாரும் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறார்கள். ஆனால் நான் கவனித்தது சிலையைவிட, அங்கிருந்து திறக்கும் இடவசதியைத்தான். கதவு, கூடம், மறுபடி கதவு என்று இல்லாமல், முற்றத்திலிருந்து வரவேற்பறை, அங்கிருந்து புல்வெளியை நோக்கிய கண்ணாடிச் சுவர் என்று எல்லாம் ஒரே வீச்சில் தொடர்கின்றன. நாற்காலிகள் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவதற்கேற்பத் தனித்தனித் தொகுதிகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மூலையில் இரண்டு பேர் யாருக்கும் கேட்காமல் பேசலாம். அதே சமயம் அறையில் உள்ள எல்லாருக்கும் அவர்கள் பேசுகிறார்கள் என்பது தெரியும். தூதரக விருந்துகளின் இலக்கணமே இதுதான். ஆனால் இந்த வீட்டைக் கட்டியபோது அவர் தூதர் ஆகவில்லை. பத்திரிகை அதிபர் மட்டுமே.

அந்தப் பத்திரிகை வாழ்வு எங்கிருந்து தொடங்கியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வால்டரின் தந்தை மோசஸ் அனன்பெர்க், கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து சிறுவனாக வந்து குடியேறியவர். ஹெர்ஸ்ட் பத்திரிகைகளின் விற்பனைப் பிரிவில் உழைத்து மேலேறி, குதிரைப் பந்தய ஏடுகளாலும் பந்தய முடிவுகளைத் தந்தி வழியே பரப்பும் சேவையாலும் பெரும் பணம் சேர்த்தார். 1936இல் பிலடெல்ஃபியா இன்க்வயரரை வாங்கினார். அதன் மூலம் அதிபர் ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளைக் கடுமையாக எதிர்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் வருமான வரி ஏய்ப்புக்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1940இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஏறத்தாழ 80 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. மகன்மீதும் தொடரப்பட்டிருந்த வழக்கு அந்த ஏற்பாட்டின் பகுதியாகக் கைவிடப்பட்டது. மோசஸ் 1942இல் விடுதலையாகிச் சில வாரங்களிலேயே இறந்தார். தன் பணிகள் தந்தையின் நினைவுக்குப் பெருமை சேர்க்கட்டும் என்ற வேண்டுதலைத் தகட்டில் பொறித்து வால்டர் தம்மோடு வைத்திருந்தார். அவருடைய பிற்கால நடவடிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த வாசகம் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டின் அளவுக்கு மீறிய கண்ணியமும் அதில் அடக்கம்.

கடன் சுமையோடும் களங்கத்தோடும் கைக்கு வந்த நிறுவனத்தை வால்டர் வளர்த்தது அசாத்தியமான வணிகத் திறமை. 1944இல் பதின்வயதுப் பெண்களுக்காக ‘செவன்டீன்’ இதழைத் தொடங்கினார். அந்த வயதினரைத் தனி வாசகர்களாக நினைத்துப் பார்க்கவே அப்போது பலருக்குத் தோன்றவில்லை. 1953இல் அவர் தொடங்கிய ‘டிவி கைடு’ இன்னும் பெரிய பாய்ச்சல். நாடு முழுவதற்கும் பொதுவான கட்டுரைப் பக்கங்கள், நடுவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியான நிகழ்ச்சிநிரல் என்பதே அதன் வடிவம். அங்கங்கே சிறிதாக வெளிவந்துகொண்டிருந்த உள்ளூர் நிகழ்ச்சி ஏடுகளைப் பார்த்து, அவற்றை ஒன்றாக இணைக்கலாம் என்று கணக்கிட்டவர் அவரே. உலகின் மிக அதிகம் விற்கும் வார இதழ்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. 1988இல் இந்த இதழ்கள் உள்ளிட்ட நிறுவனத்தை ரூபர்ட் மர்டாக்குக்கு சுமார் 300 கோடி டாலருக்கு விற்றார் என்பதிலிருந்து அதன் பெறுமதியைக் கணித்துக்கொள்ளலாம்.

நாளிதழில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு கதை. இன்க்வயரர் அவருடைய விருப்பு வெறுப்புகளின் கருவியாக இருந்தது என்பது அன்றைய பிலடெல்ஃபியாவில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பக்கங்களில் பெயர் வரவே கூடாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததாகப் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. 1966இல் பென்சில்வேனியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட மில்டன் ஷாப்பை அவர் எதிர்த்தார். இன்க்வயரரின் செய்தியாளர் ஒருவர், ஷாப் எப்போதாவது மனநல மருத்துவமனையில் இருந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. மறுநாள் நாளிதழில் அந்த மறுப்பே தலைப்புச் செய்தியானது. ஷாப் மருத்துவமனையில் இருந்ததே இல்லை. ஆனாலும் தேர்தலில் தோற்றார். (1970இல் மீண்டும் நின்று வென்று இரு முறை ஆளுநராக இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1967இல், அதே நாளிதழின் நட்சத்திரச் செய்தியாளர் ஹாரி கரஃபின், செய்தி வெளியிடுவதாக மிரட்டிப் பணம் பறித்து வந்ததை உள்ளூர் மாத இதழ் ஒன்று அம்பலப்படுத்தியது. அவர் தண்டிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்தார். கரஃபின் செய்தது முதலாளிக்குத் தெரிந்து நடந்ததல்ல என்றாலும், கேள்வி கேட்கும் பழக்கம் மேலிருந்து கீழ்வரை இல்லாத ஒரு செய்தி அறையில்தான் அப்படிப்பட்டவர் ஆண்டுக்கணக்கில் தழைக்க முடியும்.

1969இல் நிக்சன் இவரை லண்டனுக்கு அனுப்ப முடிவு செய்தபோது கிளம்பிய எதிர்ப்புக்கு இந்த வரலாறே காரணம். செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர் ஃபுல்பிரைட் இந்த நியமனத்தை விரும்பவில்லை. அமெரிக்க நாளிதழ்கள் தந்தையின் சிறைவாசத்தைத் தோண்டியெடுத்தன. லண்டனிலோ இன்னொரு சிக்கல். இவருக்கு முன்பு எட்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்த டேவிட் புரூஸ் இராஜதந்திர உலகில் பெரிதும் மதிக்கப்பட்டவர். அவருடைய நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சிறுத்தே தோன்றியிருப்பார்கள். அனன்பெர்க்குக்கு இளமையிலிருந்தே திக்குவாய். ஒரு காது பிறவியிலேயே கேட்காது.

அந்த ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக அரச குடும்பத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிய தூதர் தம் நியமனப் பத்திரத்தை அரசி எலிசபெத்திடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சி அதில் பதிவாகிவிட்டது. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற பொருளில் அரசி கேட்ட சாதாரணக் கேள்விக்கு, தூதரின் இல்லத்தில் தங்கியிருப்பதாகவும், புதுப்பிப்புக்கும் மறுசீரமைப்புக்கும் உரிய கூறுகள் தேவைப்படுவதன் விளைவாகச் சில அசௌகரியங்களுக்கு உட்பட்டிருப்பதாகவும் அவர் பதில் சொன்னார். வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது என்பதுதான் செய்தி. கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள்; லண்டன் நாளிதழ்கள் நெடுநாள் சிரித்தன. திக்குவாய் உள்ளவர்கள் தடுக்கும் சொல்லைத் தவிர்க்க வேறு சொல்லை நாடுவதும், முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொண்ட நீண்ட வாக்கியங்களைப் பற்றிக்கொள்வதும் வழக்கம் என்று அறிந்தவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிறரைத் தலைப்பில் நிறுத்திப் பழகியவர் தாமே தலைப்பில் நின்ற காலம் அது. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ்-அமெரிக்க நட்புக்கான பில்கிரிம்ஸ் சங்கத்தில் ஆற்றிய முதல் உரையிலேயே அமெரிக்க மாணவர் கிளர்ச்சியைச் சாடினார். புதிய தூதர் விருந்தளிக்கும் நாட்டைப் பற்றிப் பேசாமல் தம் நாட்டுச் சண்டையை மேடைக்குக் கொண்டுவந்தது பலருக்கும் பிடிக்கவில்லை. பத்திரிகையில் தலையங்கம் எழுதும் கை இன்னும் அடங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு அவர் இன்க்வயரரையும் தம்மிடமிருந்த இன்னொரு பிலடெல்ஃபியா நாளிதழான டெய்லி நியூஸையும் நைட் என்ற பத்திரிகை நிறுவனத்துக்கு 5.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். அவருடைய வாழ்வின் திருப்புமுனை நியமனம் அல்ல, இந்த விற்பனையே என்பது என் கருத்து. சண்டைக்கான கருவி கையை விட்டுப் போன பிறகு அவரிடம் மிஞ்சியது பணமும் உபசரிப்பும். தூதரின் அதிகாரபூர்வ இல்லமான வின்ஃபீல்டு ஹவுஸைத் தம் சொந்தச் செலவில் ஏறத்தாழ பத்து லட்சம் டாலருக்குப் புதுப்பித்தார். தம் ஓவியங்களைக் கொண்டுவந்து அங்கே மாட்டினார். அரசியல் பேச்சுகளைக் குறைத்துக்கொண்டு விருந்துகளைக் கூட்டினார். பிரதமரின் கிராமப்புற இல்லமான செக்கர்ஸுக்கு நீச்சல்குளம் கட்டிக்கொடுத்தார்; தேவாலயச் சீரமைப்புகளுக்கு நன்கொடை வழங்கினார். 1974இல் அவர் கிளம்பும்போது, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எள்ளி நகையாடிய அதே ஊர் பரிவோடு வழியனுப்பியது. 1976இல் அரசி கௌரவ நைட் பட்டம் வழங்கினார். அவர் எந்த ஒப்பந்தத்தையும் பேசி முடித்ததாக வரலாறு சொல்லவில்லை. நிக்சன் காலத்தில் முக்கியமான வெளியுறவு வேலைகளை அவருடைய ஆலோசகர் கிஸிங்கர் தாமே நேரடியாகப் பார்த்துக்கொண்டார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தூதருக்கு மிச்சம் இருந்தது வாசலும் மேசையும் மட்டுமே. அந்த இரண்டையும் அவர் நன்றாகக் கையாண்டார்.

மாளிகைச் சுற்றுக்குத் திரும்புகிறேன். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ‘நினைவுகளின் அறை’ என்று அழைக்கப்படும் அறைக்குள் நுழைந்தால், அதன் ஒவ்வொரு சட்டகமும் பேசும். அரச குடும்பத்தினர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு குழந்தைகள் வளர்கிறார்கள், நாய்கள் மாறுகின்றன, கையெழுத்து மாறுவதில்லை. அமெரிக்க அதிபர்களின் புகைப்படங்களும் கடிதங்களும் உண்டு. ஆண்ட்ரூ வைத் 1978இல் தீட்டிய அனன்பெர்க்கின் உருவப்படமும் இங்கேதான் இருக்கிறது. சிரிப்போ மிடுக்கோ இல்லாத அந்த முகத்தில் வைத் எதையும் மெருகேற்றவில்லை. வீட்டில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் விருந்தினரை மகிழ்விக்க வைக்கப்பட்டவை. இந்தப் படம் மட்டும் அப்படியல்ல. சுற்றில் நான் மிக நெருங்கி நின்று பார்த்தது இதைத்தான்.

ஓவியங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வரவேற்பறையில் மொனே, வான்கோ, செசான், கோகன் என்று பெயர்களைக் கேட்டுப் பரவசப்படுவதற்கு முன், சுவரில் இருப்பவை நகல்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட மூலப் படைப்புகளை அனன்பெர்க் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு உரிமையாக்கிவிட்டார். 1991இல் அந்த முடிவு அறிவிக்கப்பட்டபோது அவற்றின் மதிப்பு 100 கோடி டாலர் என்று கூறப்பட்டது. வீட்டில் அதே இடங்களில் டிஜிட்டல் நகல்கள் தொங்குகின்றன. நகல்கள் நேர்த்தியானவை, இரண்டடி தள்ளி நின்றால் ஏமாற்றும். நெருங்கினால், வண்ணம் திரண்டு நிற்க வேண்டிய இடத்தில் தட்டையாக இருப்பது தெரிந்துவிடும். வழிகாட்டிகள் இதை மறைப்பதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஓவியங்களுக்காக மட்டும் வர நினைப்பவர்கள் அந்தப் பணத்தை நியூயார்க் பயணத்துக்குச் சேமித்துக்கொள்ளலாம். ஓவியங்கள் இந்த வீட்டில் என்ன வேலை செய்தன என்று பார்க்க விரும்புபவர்களுக்கு நகலே போதும். விருந்தினர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே எந்தப் படம், சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் எந்தப் படம் என்பதெல்லாம் ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தை அமைப்பது போலத் திட்டமிடப்பட்டவை.

லியோனோர் இந்தக் கதையில் வெறும் மனைவி அல்ல என்பதை இந்த வீடு நன்றாக உணர்த்துகிறது. ரீகன் ஆட்சியில் 1981-82இல் அவர் அமெரிக்க அரசின் மரபு நெறிமுறைத் தலைவராக இருந்தார். வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்பதும், யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாருக்குப் பின்னால் வர வேண்டும் என்று தீர்மானிப்பதும் அந்தப் பதவியின் வேலை. இளவரசர் சார்லஸுக்கு முழங்கால் மடக்கி வணக்கம் சொன்னதற்காக அப்போது கண்டனத்துக்கும் ஆளானார். குடியரசு ஒன்றின் பிரதிநிதி அப்படிச் செய்யலாமா என்பது கேள்வி. சாப்பாட்டு அறையில் பீங்கானும் வெள்ளியுமாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கையில், லண்டனில் கணவர் பெற்ற நற்பெயரில் பாதியாவது இவருடையது என்று சொல்லத் தோன்றுகிறது.

பதவி முடிந்த பிறகும் வீடு தன் வேலையை நிறுத்தவில்லை. வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய நிக்சனுக்கு, 1974 செப்டம்பரில் அடுத்த அதிபர் ஃபோர்டு மன்னிப்பு வழங்கிய நாளன்று அவர் வந்து ஒதுங்கியது இங்கேதான். ரீகன் தம்பதியர் புத்தாண்டுக்கு முந்தைய இரவை ஆண்டுதோறும் இங்கே கழித்தார்கள். 1976இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் திருமணம் இங்கே நடந்தது. 1983இல் கலிஃபோர்னியா முழுவதும் மழை கொட்டிய ஒரு பயணத்தின்போது அரசி எலிசபெத் மதிய உணவுக்கு வந்தார். அந்தப் பழைய கேள்வியைக் கேட்டவர் இப்போது பதில் சொன்னவரின் வீட்டிலேயே விருந்தினர். 1990இல் அதிபர் புஷ் ஜப்பானியப் பிரதமர் கைஃபுவை இங்கே சந்தித்தார். வால்டர் 2002இலும் லியோனோர் 2009இலும் மறைந்தார்கள். இருவரின் கல்லறையும் இந்த வளாகத்திலேயே உள்ளது. அதன் பிறகு 2013 ஜூனில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் கோட்டும் டையும் இல்லாமல் இந்தப் புல்வெளியில் நடந்தார்கள். கலிஃபோர்னியச் செம்மரத்தில் செய்த ஒரு பெஞ்சை ஒபாமா அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். 2016 பிப்ரவரியில் ஆசியான் தலைவர்களும் இங்கே கூடினார்கள். தலைநகரத்தின் நெடிய மேசைகளில் நடக்காத பேச்சு, மலை தெரியும் ஒரு சாய்வு நாற்காலியில் நடக்கும் என்பது இந்த வீட்டின் அடிப்படை நம்பிக்கை. அந்தச் சந்திப்புகளால் உலகம் எவ்வளவு மாறியது என்று கேட்டால் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் இடம் அந்த நோக்கத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

இனி சேவையின் தரம். சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்று. குழு சிறியது என்பதால் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி மனப்பாடமாக ஒப்பிக்காமல், எதிரில் இருப்பவர்களின் ஆர்வத்தைப் பார்த்துப் பேச்சை வளைத்தார். நாற்காலிகளைப் பற்றிக் கேட்டவருக்கு நாற்காலிகள், அரசியலைப் பற்றிக் கேட்டவருக்கு அரசியல். பொருள்கள் கயிறு கட்டி அடைக்கப்பட்ட அருங்காட்சியகமாக இல்லாமல், உரிமையாளர் வெளியே போயிருக்கும் வீடாகவே இடம் உணரப்படுகிறது. நேரம் எனக்குப் போதவில்லை. நினைவுகளின் அறையில் மட்டும் அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஆனால் அடுத்த வேன் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும்போது அப்படிக் கேட்பதும் நியாயமில்லை.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. தூதரையும் விருந்தளிப்பவரையும் கொடையாளரையும் அறிய இதைவிடச் சிறந்த இடம் இல்லை. 1993இல் பொதுப் பள்ளிகளுக்காக அவர் அறிவித்த 50 கோடி டாலர் கொடையும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கறுப்பினத்தவர் கல்லூரிகளுக்கான நிதியத்துக்கு வாக்களித்த 5 கோடி டாலரும் யாரும் சும்மா கடந்துபோகக் கூடிய தொகைகள் அல்ல. பத்திரிகை அதிபரை அறிய இது இடமில்லை. அது இயல்புதான், எவரும் தம் வரவேற்பறையில் பழைய வழக்குகளைச் சட்டமிட்டு மாட்டுவதில்லை. மோசஸின் சிறைவாசத்தையும் ஷாப் விவகாரத்தையும் கரஃபினையும் பற்றி முன்பே படித்துவிட்டு வந்தால், இந்த வீடு எதற்கு விடையாகக் கட்டப்பட்டது என்பது புரியும். படிக்காமல் வந்தால் இது ரசனையுள்ள ஒரு பணக்காரரின் அழகான வீடு. அப்படிப் பார்த்தாலும் பணத்துக்கு நட்டமில்லை.

கட்டடக்கலையிலோ இருபதாம் நூற்றாண்டு அரசியலிலோ ஆர்வமுள்ள பெரியவர்களுக்கு மாளிகைச் சுற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் மையத்தோடும் தோட்டத்தோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் போகாமல் வளாகத்தை மட்டும் வண்டியில் சுற்றிக் காட்டும் சுற்றும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் வெளியிலிருந்து தெரியாது. சீட்டு கிடைக்காவிட்டால் அதை மாற்றாகக் கொள்ளாமல் அடுத்த குளிர்காலம் வரை காத்திருப்பதே மேல். நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் தாங்கக்கூடியது. காலைச் சுற்றுகளில் கண்ணாடிச் சுவர் வழியே வெளிச்சம் நன்றாக விழும். கட்டணமும் திறந்திருக்கும் நாட்களும் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்புவதற்கு முன்பு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.